சக்கரம் கழற்றிய பெட்டியில் குடித்தனம்

மைசூர் ரயிலடிக்குப் பின்னால், சக்கரம் கழற்றிப் போட்ட பழைய ரயில் பெட்டியில் செங்கமலம் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். கணவன் செத்தபோது தலையை மழிக்க மாட்டேன் என்றவள். பின்னல் இடுப்பைத் தொடுகிறது.

ரயிலுக்குக் காத்திருக்கும் நான் தண்ணீர் கேட்டு வந்தவள். “ஊருக்குள் வீடு கிடைக்கவில்லையா?” என்கிறேன்.

“அக்ரஹாரம் பூராவும் கேட்டாச்சு. தலையை மழிச்சுண்டு வா, சாவி தரோம்ங்கறா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கைம்பெண்ணின் தலையில் முடி இருந்தால் இவர்கள் வீட்டுக் கூரை இடிந்து விழுந்துவிடுமா?

ஜரிகைத் தலைப்பாகைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். “பொண்ணுக்கு வலி கண்டுடுத்து. முக்காடு போட்டுண்டு கொல்லை வழியா வந்துடும்மா.”

செங்கமலம் பையை எடுக்கிறாள். “போன வாரம் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேளே, அந்த வாசல் வழியாத்தான் வருவேன். இப்படியேதான்.”

கதவைத் திறந்துவைக்க அவர் முன்னால் ஓடுகிறார்.