"ஆக்லெட்" என்று அவர் சொன்ன நாள்

என் கணவருக்கு ஒரு பழக்கம். யாருக்கும் தேவைப்படாத ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடித்து நோட்டில் எழுதி வைப்பார். ஷூ லேஸின் நுனியில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்குக்கு ஆக்லெட். குடையின் நுனியில் இருக்கும் பூணுக்கு ஃபெரூல். நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறைக்கு லூனுலா. சிங்கப்பூரில் எங்கள் வீட்டுப்பக்கம் பிடோக்கில் எம்ஆர்டி ரயில் ஏறினால் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வருவார். "இதையெல்லாம் வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று நான் சலித்துக்கொள்வேன்.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை ஓரளவு தேறியது, பேச்சு தேறவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. தண்ணீருக்குக்கூட ஜாடை காட்டுவார். நான் வேறெதையாவது கொண்டுவந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் ஒரு ஷூ படத்தை எடுத்தார்.

"இது என்ன அங்கிள்? மெதுவா சொல்லுங்க."

ஷூ என்று அவருக்கு வரவில்லை. விரலை லேஸின் நுனியில் வைத்தார்.

"ஆக்... ஆக்லெட்."

உளறுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றாரும்மா," என்றேன். அவருடைய நோட்டைப் பற்றியும் சொன்னேன்.

அந்தப் பெண் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். "ஐயோ ஆன்ட்டி, எனக்கே தெரியாதுலா இந்த வேர்ட்!" என்று சத்தமாகச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நோயில் விழுந்தபின் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "அந்த நோட்டைக் கொண்டு வாங்க ஆன்ட்டி," என்றார். அதன்பிறகு பாடம் தலைகீழாக நடந்தது. ஃபெரூல் வந்த பிறகு குடை. லூனுலா வந்த பிறகு நகம், விரல், கை. ஒரு வாரம் வந்த சொல் மறுவாரம் காணாமல் போகும். அந்தப் பெண் அலுத்துக்கொண்டதே இல்லை.

போன தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போனோம். சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்க வந்தவர் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் என் கணவர், "ரெண்டு... தோசை. ரெண்டு டீ. அவங்களுக்கு... சீனி வேணாம்," என்றார்.

அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். "நெக்ஸ்ட் வீக் அங்கிளைக் கூட்டிட்டு வாங்க, எனக்கு நேர்ல கேக்கணும்," என்று பதில் வந்தது.