புளியமரத்துக்கு எதிர் வீடு

கள்ளக்குறிச்சியில் நான் வீடு, மனை காட்டிப் பிழைத்த காலத்தில் ஒரே வீட்டை ஒரே குடும்பத்துக்கு இரண்டு தடவை விற்க வேண்டியிருந்தது. முதல் தடவை பெண்டாட்டியிடம், இரண்டாம் தடவை புருஷனிடம். தரகு மட்டும் ஒன்றுதான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வீடு கச்சிராயபாளையம் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் கிணறு. மேற்கு பார்த்த வாசல். மேற்கு பார்த்த வீட்டை நான் காலையில்தான் காட்டுவேன். பக்கத்தில் சாக்கடை ஓடும் வீட்டை நல்ல கோடையில் காட்டுவேன். மழைக்கு ஒழுகுகிற வீட்டை எப்போது காட்டுவேன் என்று உங்களுக்கே தெரியும். இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தூங்கி எழுந்த முகத்தோடா பெண்ணைக் காட்டுகிறோம்?

இந்த வீட்டுக்கு அந்த வித்தையெல்லாம் தேவைப்படவில்லை. வாசலுக்கு நேர் எதிரே ரோட்டோரம் ஒரு பெரிய புளியமரம். சாயங்கால வெயிலைக்கூட உள்ளே விடாது. வாங்க வந்தவர் பஸ் டிரைவர். மரத்தைப் பார்த்ததும் வீட்டுக்குள் போகவே மறந்துவிட்டார்.

"நாள் பூரா என்ஜின் பக்கத்துல வெந்துகினு கெடக்கறேன். லீவு நாள்ல இதுங்கீழ ஒரு கட்டிலப் போட்டுப் படுத்தாப் போதும்யா" என்றார்.

அவர் மனைவிக்கு மரமே ஆகவில்லை. "புளியமரத்துக்கு எதிர்க்க எவனாவது வூடு வாங்குவானாண்ணே? பொட்டப்புள்ளைய வச்சிகினு இருக்கறேன்" என்றாள். மகளுக்கு நாலு வயது இருக்கும்.

ஆனால் அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஊரில் வேறு வீடு கிடையாது. வாடகை வீட்டில் அவள் படுகிற பாடும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா முன்கட்டில், இவர்கள் பின்கட்டில், நடுவில் ஒற்றைச் சுவர். விருந்தாளி வந்து தண்ணீர் ஜாஸ்தி செலவானது என்று ஒருநாள் கிணற்று ராட்டினத்தையே கழற்றி உள்ளே வைத்துவிட்டாளாம் அந்த மகராசி. எப்படியாவது அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்று இவள் துடித்துக்கொண்டிருந்தாள். மரம்தான் குறுக்கே நின்றது.

நடையாய் நடந்தேன். "ராவும் பகலும் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிற ரோட்டுல எந்தப் பேயும்மா தங்கும்? அதுக்கும் தூக்கம் வேணாமா?" என்று கேட்டேன். அதற்குத்தான் சிரித்தாள். ஒரு படையல் போட்டுவிட்டுக் குடிபோகிறேன் என்று ஒருவழியாக இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் பங்கைக் கேட்டு சனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். போன பக்கமெல்லாம் மறியலுக்கு வெட்டிய மரங்கள் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. நம் டிரைவர் எலவனாசூர்கோட்டைப் பக்கம் பஸ்ஸோடு மாட்டிக்கொண்டு, சீட்டிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார். இங்கே நம் புளியமரமும் போய்விட்டது. வெட்டியது யார் என்று நான் விசாரிக்கவில்லை. கூட்டத்தில் என் பங்காளிகளும் இருந்தார்கள்.

டிரைவர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாண்ணே" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். டிரைவரைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ரோடு திறந்து ஊர் வந்து சேர்ந்தவர், மரம் போன சேதி கேட்டதும் வீட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதுவும் சாயங்காலம் நாலரை மணிக்கு. நாளைக் காலையில் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மனைவியும் மகளும் கூட வந்தார்கள். கதவைத் திறந்தால் வெயில் எங்களுக்கு முன்னால் உள்ளே போனது. கூடத்தைத் தாண்டிப் பின்சுவர் வரைக்கும் போய்ச் சாய்ந்துகொண்டது. தரையில் கால் வைக்க முடியவில்லை.

"இன்னாய்யா இது, என்ஜினைத் தூக்கி வூட்டுக்குள்ள வச்ச மாதிரி இருக்குது" என்றார்.

விடுவேனா? "மரம் போனா இன்னா சார், அங்க பாருங்க, கல்வராயன் மலை முழுசாத் தெரியுது. மொதல்ல தெரிஞ்சிதா?"

"அந்த மலைங்கீழ கட்டிலப் போட முடியுமாய்யா?"

நான் பின்பக்கக் கிணற்றைக் காட்டக் கையை நீட்டினேன். "வேணாம், வேற எடம் பாக்கலாம்" என்றார். அவர் மனைவி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தரகு போகிறதே என்பதற்காக மட்டும் இல்லை, நம்பினால் நம்புங்கள்.

அதற்குள் குழந்தை உள் அறைக்கு ஓடிவிட்டது. காலி அறையில் நின்று "அப்பா" என்று கத்தியது. குரல் ஓட்டில் பட்டு கணீரென்று திரும்பி வந்தது. குஷி தாங்காமல் இன்னொரு தடவை கத்தியது. தாய்க்காரி பதறி ஓடி, குந்தி உட்கார்ந்து, அதன் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டாள்.

டிரைவர் அவளையே பார்த்தார். "யாரும் இல்லாத வூட்ல எதுக்குடி பொத்தற?"

அவள் மெதுவாகக் கையை எடுத்தாள். "பழக்கதோஷங்க. நீங்க நைட்டு டூட்டிக்குப் போயிடறீங்க. இது அழுதா, இருமுனாக்கூட வூட்டுக்காரம்மா செவுத்தத் தட்டுது. காலையில தண்ணி எடுக்க வுடாது. அதான் பொத்திகினே படுத்திருப்பேன்."

"எத்தினி நாளா?"

"இது பொறந்ததுல இருந்து."

டிரைவர் மகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் முகமெல்லாம் வேர்வை. "கத்து கண்ணு, நல்லாக் கத்து" என்றார்.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டது.

அவர் எழுந்து என் பக்கம் திரும்பினார். "எப்பய்யா குடி வரலாம்?" என்று கேட்டார்.