தேத்தண்ணீர் குடிக்காமல் போனவர்

நல்லரத்தினத்தாரைப் போல வாயைக் கட்டி வைத்திருக்கிற மனிதரை வெல்லாவெளியில் நான் கண்டதில்லை. முப்பது வருடம் எங்கள் வயல் வட்டைக்கு விதானையாக இருந்தவர். வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டு, வரம்பு வரம்பாக நடந்து, ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்து வைத்தவர். தன் சங்கதி என்றால் மட்டும் ஊமை. மனைவியும் போய், பிள்ளையும் இல்லாத மனிதர் யாரிடம் சொல்வார் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டில் ஓட்டோவோடு நான் ஒருவன் இருக்கிறேனே, என்னிடம் சொல்லக்கூடாதா?

அவருக்கு மிச்சமிருந்த ஒரே உறவு அமிர்தகழியில் இருக்கும் தங்கச்சி கண்ணகை; அவர் மகள் கொழும்பில். ஆடியில் மாமாங்கத் திருவிழா வந்தால் பத்து நாளும் இவர் அங்கேதான். சித்திரை வருடப்பிறப்புக்குத் தங்கச்சி இங்கே வந்துவிடுவார். ஆறு வருடத்துக்கு முன் இரண்டும் நின்றுபோயின. கேட்டால், "வயல் வேல கிடக்கு" என்பார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்து எத்தனை காலம்! வருடப்பிறப்பன்று தனியே பொங்கி, பாதியை நாய்க்கு வைப்பார். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இடையில் கண்ணகையக்காவின் கணவர் வினாயகமூர்த்தி இறந்தபோது நான்தான் இவரை ஏற்றிப்போனேன். சற்று நேரம் நின்றார். பத்து மணிக்கெல்லாம் "வெளிக்கிடுவம்" என்றார். நீட்டிய தேத்தண்ணீரைத் தொடவில்லை. அக்கா பார்த்த பார்வை எனக்கே சுட்டது.

இந்த வருடம் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனபிறகுதான், திட்டித் திட்டி அவரைப் பட்டினத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கே பயிற்சி சொல்லித் தரும் மின்ஹாஜ் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்.

"எலும்புக்கு இடையில மெத்த மாதிரிக் கிடக்கிறது தேஞ்சிட்டு ஐயா. தேஞ்சது திரும்ப வராது. அதுக்காகச் சும்மா இருந்தா இன்னும் இறுகிரும். கதிரையில இருந்து கால நீட்டி, அஞ்சு எண்ணும் மட்டும் புடிங்க. தொடை பலமானா முழங்காலுக்கு லேசு. குந்தாதீங்க. கக்கூசுக்கு மேல நடுவில ஓட்டை வெச்ச கதிரை ஒண்டு வைங்க."

நல்லரத்தினத்தார் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி வீட்டுக் கக்கூசில குந்திட்டு, எழும்ப ஏலாம அரை மணித்தியாலம் கிடந்தனான் தம்பி. மறுகா அங்க போகப் பயம். குடிச்சா கக்கூசுக்குப் போகவேணுமெண்டுதான் செத்த வீட்டிலயும் ஒண்டும் குடிக்கல்ல."

அடக் கடவுளே, இதற்கா ஆறு வருடம்!

வெளியே வந்தால் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் கண்ணகையக்கா, கையில் ஊன்றுபொல்லோடு. அண்ணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அழுகையாகிப்போனது.

"எனக்கும் இதே முழங்கால்தான் அண்ணா. உங்கட வீட்டில குந்த ஏலாமத்தான் நானும் வரல்ல. அவர்ட செத்த வீட்டில ஒரு மிடறு குடிக்காமப் போனீங்க. உறவே வேணாமெண்டு போறீங்க எண்டுதான் நினைச்சன்."

"என்னகா கதைக்கிறாய்? இந்த ஆடிக்கு வாறன். கதிரையும் கொண்டு வாறன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்ட வித்துப்போட்டன் அண்ணா. ஆரு வரப்போறாங்க எண்டு வித்தன். நாளைக்கு மகளோட கொழும்புக்குப் போறன். கிளினிக் கொப்பிய எடுக்கத்தான் வந்தனான்."

இவர் தன் முழங்காலைத் தடவினார். பிறகு, "மகள்ட வீட்டில குந்தாம இருக்கிற கொமட் கிடக்கா?" என்றார்.

"கிடக்கு. ஆனா நாலாம் மாடி, படிதான். ஏறினனெண்டா நானே மறுகா இறங்க மாட்டன்."

இருவரும் அதே வாங்கில் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் வந்து கூப்பிடும் வரைக்கும் நான் ஓட்டோவை எடுக்கவில்லை.