இருபத்தைந்து ரூபிள் ஆள்

தின்றான். குதிரை இறைச்சி தின்றான், அதுவும் இறைச்சியே தொடக்கூடாத பெரிய நோன்பு நாட்களில். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்? நான்கு வருடம் கிரிமியாவின் தாத்தார் இனத்தாரிடம் சிறை கிடந்தவனுக்கு முட்டைக்கோஸ் சூப்பா வைப்பார்கள்? அதற்காக மடத்தில் ஆறு வாரம் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டான். கடவுள் விட்டுவிட்டார்; எதிர்வீட்டுப் பெலகேயாதான் விடமாட்டேன் என்கிறாள். ஜாரை ஏமாற்றிப் பணம் வாங்கியவன் என்று வேறு சொல்லித் திரிகிறாள். என் தம்பி நெக்ராஸ் எவ்வளவு வாங்கினான், எதற்கு வாங்கினான் என்று எனக்கல்லவா தெரியும்.

அவன் கொசாக், எல்லையைக் காக்கும் குதிரை வீரன். புல் அறுப்பவர்களுக்குக் காவல் நின்றபோது தாத்தார்கள் பிடித்துப் போனார்கள். கிரிமியாவில் விலை பேசும்போது, "நான் மாஸ்கோ துப்பாக்கிப் படை" என்று சொல்லிவிட்டான். எல்லைக் கொசாக் என்றால் கப்பலில் துடுப்புப் போட விற்றுவிடுவார்கள். மாஸ்கோக்காரன் என்றால் பணம் வருமென்று வைத்திருப்பார்கள். தாத்தார் நம்பினான். நாற்பது ரூபிள் என்றான்.

ஜார் மீட்புப் பணம் தருவார்தான். ஆனால் மீண்டு வந்தவன் நேரில் நின்று கேட்டால்தான் தருவார். பணம் கைக்கு வந்தால்தான் தாத்தார் விடுவான். இடையில் மாட்டியவன் எமெல்யான், அவனோடு சிறை கிடந்த எங்கள் ஊர்க்காரன். அவனுக்கு அவன் மாமன் பணம் கட்டிவிட்டார், கிளம்ப வேண்டியவன். "நீ போய் வாங்கிட்டு வாடா, அதுவரை நான் இருக்கேன்" என்று நெக்ராஸுக்குப் பிணையாக உட்கார்ந்துகொண்டான். முதல் பனி விழுவதற்குள் பணம் வராவிட்டால் அவனுக்குத் துடுப்பு.

மாஸ்கோ அலுவலகத்தில் பதினோரு வாரம் நடையில் நின்ற பிறகு எழுத்தர் கூப்பிட்டாராம்.

"எந்தப் படை?"

"எல்லைக் கொசாக், எஜமான்."

"அப்போ இருபத்தஞ்சு."

"தாத்தார் நாப்பதுல்ல கேக்குறான்."

"நாப்பது மாஸ்கோ படைக்கு. இருபத்தஞ்சு ரூபிள் ஆளை நாப்பதுக்கு வாங்கச் சொல்றியா? உழவனுக்குப் பதினஞ்சுதான், தெரியுமா? சந்தோஷமாப் போ."

"அங்க மாஸ்கோன்னுதான் சொன்னேன், எஜமான்."

"பொய்க்கு ஜார் காசு கொடுக்கணுமா? சரி, சிறையில பொறுத்துக் கிடந்ததுக்குத் துணி உண்டு. காயம் இருந்தா இன்னும் ரெண்டு ரூபிள். நெத்தியில என்ன?"

"அது எங்க ஆடு முட்டினது, எஜமான். சின்ன வயசுல."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தாத்தார்கிட்ட அவ்வளவு பெரிய பொய் சொன்ன வாய்க்கு, ஆட்டைத் தாத்தார்னு மாத்திச் சொல்லத் தெரியலையாடா?"

"அங்க சிலுவையை முத்தமிட்டு சத்தியம் பண்ணிட்டுத்தானேக்கா பேசினேன்."

பசுவை விற்றேன். துணியையும் அவன் துப்பாக்கியையும் விற்றோம். ஜார் கொடுத்த இருபத்தைந்தோடு எல்லாம் சேர்ந்து முப்பத்தொன்று. அதற்கு மேல் கொடுக்க ஊரில் யாரும் அசையவில்லை. பெலகேயா வேலிமேல் சாய்ந்துகொண்டு, "தாத்தாருக்குக் கொடுத்த வாக்கெல்லாம் ஒரு வாக்காடா? பேசாம உக்காந்து கஞ்சியைக் குடி" என்றாள்.

"வாக்கு எமெல்யானுக்கு, அத்தை."

"அங்க ஒருத்தியை வச்சிருக்கேன், அதான் போறேன்னு சொல்லு. முடிஞ்சுது."

"வச்சிருந்தா உங்களை மாதிரி நல்லவளாத்தான் பாத்திருப்பேன்."

வாத்துகள் தெற்கே பறக்கத் தொடங்கிய வாரம் வந்து என்னிடம் சொன்னான். "முப்பத்தொண்ணைக் கொடுப்பேன். மிச்ச ஒம்பதுக்கு நானே இருந்து உழைச்சுக் கழிக்கிறேன். எமெல்யான் வந்துடுவான்."

"ஒம்பதுக்கா! உழவனே பதினஞ்சாமே!"

"மலிவுதான். தாத்தார் மறுக்கமாட்டான்."

நான்கு வருடம் அழுது திரும்ப வாங்கியவனை நான் எப்படி விடுவேன்? பகலெல்லாம் கத்தினேன். காலணியை ஒளித்துவைத்தேன். தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். கடைசியில் நானே கம்பு ரொட்டியைக் காயவைத்து, உப்பு முடிந்து கொடுத்தேன்.

பயணத்துக்கு முன் உட்கார வேண்டிய முறைப்படி இருவரும் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்தோம். நான் எழுந்திருக்கவில்லை, மூத்தவள் நான் எழுந்தால்தானே அவன் கிளம்புவான் என்று இருந்தேன். வெகுநேரம் காத்திருந்தான். பிறகு அவனே எழுந்து, சிலுவைக்குறி போட்டு, எனக்குத் தரைதொட்டு வணங்கி, கதவைத் திறந்து வெளியே நடந்தான்.