ஆடும் வண்டிக்கு ஒரு கம்பி

என் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் என் மனைவி மறுபடியும் ஏறி உட்கார வேண்டும். அந்த வருடம் எனக்கிருந்த பெரிய கவலை அதுதான். வேறு கவலைகள் இல்லாமலா இருக்கும்? அவற்றையெல்லாம் ஒத்திப்போட முடிந்தது, இதை முடியவில்லை.

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் மீன்காரப் பெண்கள் சிலர் ஒன்றாகச் சேர்ந்து என் வண்டியைப் பிடிப்பார்கள். கூடைகளுக்கு நடுவே, ஐஸ் பெட்டி மேலே, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்வார்கள். திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர் வரை ஒவ்வொரு மார்க்கெட்டாக இறக்கிவிட்டுக்கொண்டே போவேன். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. டிரைவர் பெண்டாட்டி என்று முன்சீட்டில் உட்கார ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "அவுங்கல்லாம் மீன் தண்ணில குந்திகினு வர்றாங்கோ. நான் மட்டும் மகாராணி மாரி முன்னால வரணுமா?" என்பாள்.

வண்டி பல கை மாறி என்னிடம் வந்தது. வளைவில் ஆடும். ஐஸ் உருகி, தண்ணீர் ஒரு பக்கமாக ஓடினால் இன்னும் ஆடும். ஒருநாள் கடலோரச் சாலையில், அலை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிற வளைவில், எதிரே ஒரு கன்டெய்னர் லாரி முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வந்தது. நான் ஒதுங்கினேன். வண்டி கடல் பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, திரும்பத் தொப்பென்று உட்கார்ந்தது. கவிழவில்லை. ஆனால் பின்னால் இருந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சரிந்தார்கள். எல்லாருக்கும் அடியில் என் மனைவி. அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடி வேலைக்குப் போகத் தொடங்கியபோது என் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். மீன்பாடி வண்டியில் போனாள். அது தன் மூன்று சக்கரத்தில் தடதடத்துக்கொண்டு மற்றவர்கள் கடை விரித்து முடித்த பிறகுதான் போய்ச் சேரும். திருவொற்றியூர் மார்க்கெட்டில் வாசலை ஒட்டிய இடம் அவளுடையது. அங்கே இடத்துக்குச் சீட்டு கிடையாது. தினமும் முதலில் வந்து கோணியை விரிக்கிறவளுக்குத்தான் இடம். அவள் தாமதமாக வரத் தொடங்கியதும் நெட்டுக்குப்பத்து நண்டுக்காரி ஒருத்தி அங்கே உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி உள்ளே, சாக்கடை ஓரம் போனாள். மீன்பிடித் தடைக்காலம் வருவதற்குள் இடத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால், மறுபடி படகு கடலுக்குப் போகும்போது அது நண்டுக்காரியின் இடம் என்றே ஆகிவிடும்.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பின்னாடி ஸ்டெபிலைசர் ராடே இல்ல நைனா. இந்த மாடலுக்கு வைக்கல. அதே கம்பெனிக்காரன் போட்ட வேன் ஒண்ணு கீது, அதுல வச்சிருப்பான். புதுப்பேட்டைல போயி தேடு."

அந்த ராடு வேறொன்றுமில்லை. பின் அச்சுக்குக் குறுக்கே போகும் வளைந்த இரும்புக் கம்பி. ஒரு பக்கம் அமுங்கப் பார்த்தால் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்து, வண்டியைச் சாய விடாமல் வைக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தேடி அலைந்ததில் என் செருப்பு தேய்ந்தது.

புதுப்பேட்டையில் வண்டியை உரித்து விற்கிற கடைகளில் இல்லாத பொருளே இல்லை என்பார்கள். இருக்கும், உங்களுக்கு வேண்டியதைத் தவிர. ஒரு கடைக்காரர் நேற்றுதான் போனது என்றார். அடுத்தவர் நாளைக்கு வா என்றார். இன்னொருவர் நான் கேட்டு முடிப்பதற்குள் ஸ்டியரிங் ராடைத் தூக்கிக் கையில் கொடுத்தார். வெயிலில் இரும்புக் குவியலைக் கிளறிக் கிளறி, கடைசியில் ஒரு சந்தில் கிடைத்தது. வேனில் இருந்து கழற்றியதுதான் என்று சத்தியம் செய்தார்கள். நானும் அளந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

அளந்ததில்தான் கோட்டை விட்டேன். எங்கள் பக்கத்தில் எதையும் கயிற்றால்தான் அளப்போம். வலை, படகு, பந்தல் எல்லாவற்றுக்கும் முடிச்சுதான் கணக்கு. நானும் வண்டிக்கு அடியில் படுத்து, படகு நைலான் கயிற்றை விறைப்பாக இழுத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கடையில் கயிற்றைத் தரையில் போட்டு ராடை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இழுத்தால் நீள்கிற கயிறு, விட்டால் சுருங்கத்தானே செய்யும்? பாய் ராடை அச்சில் வைத்தபோது நாலு விரல் குறைந்தது.

"டேப் இல்லியா உன்கிட்ட?" என்றார் பாய்.

"கீது. வூட்ல கீது."

அவர் டீ சொன்னார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

திரும்ப புதுப்பேட்டை. திரும்ப அதே சந்து. மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் முரண்டு பிடித்தார். நான் நகரவே இல்லை. அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை. அந்தக் கோலத்தைப் பார்த்தோ என்னவோ அவரே எழுந்து போய், குவியலைத் தள்ளி, நீளமான ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர், "இரும்பையெல்லாம் ஏத்தினு வராதய்யா, யார் கண்ணையாச்சும் குத்தும்" என்று இறக்கிவிட்டார். தோளில் போட்டுக்கொண்டு யானைக்கவுனி வரை நடந்தேன். அங்கிருந்து ஓர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார்.

மாட்டுவது அடுத்த பேஜாரு. மீன் தண்ணீர் ஒழுகி ஒழுகி அடியிலிருந்த போல்ட்டெல்லாம் துருவில் ஒட்டிப் போயிருந்தது. கேஸ் வைத்து அறுத்துத்தான் எடுத்தார் பாய். ராடைப் பிடிக்கிற ரப்பர் புஷ் எங்கேயும் கிடைக்கவில்லை. எண்ணூரில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெல்ட் தேய்ந்துபோனால் காயலாங்கடைக்கு வரும்; அதிலிருந்து ஒரு துண்டு வாங்கி, கத்தியைச் சூடாக்கி வெட்டிச் சுற்றினார். மாலைக்குள் முடிந்தது. ராயபுரம் பாலத்துச் சரிவில் வேண்டுமென்றே வண்டியை ஒடித்துப் பார்த்தேன். அசையவில்லை. பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் காசிமேட்டில் வேறு ரகளை. கூடை ஏற்றும்போது ஓர் அக்கா எப்போதும் வண்டிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கிருந்து ஒரு கூடையை எடுத்து எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்வார். அதுதான் அவர்களுடைய தராசு. இப்போது வண்டி சட்டென்று தாழவே இல்லை.

"இன்னா பண்ண வண்டிய? எந்தப் பக்கம் கனம்னே தெர்ல!"

ஆடினாலும் ஏச்சு, ஆடாவிட்டாலும் ஏச்சு. "சாயாதுன்னா சந்தோசப்படுங்க!" என்று கத்தினேன். அவர்கள் என்னைக் கண்டுகொள்ளாமல் கூடைகளைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்து எடை போட்டு ஏற்றினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் மனைவி கூடையோடு வந்தாள். அக்கா முன்பே பேசி வைத்திருந்தாரா, நண்டுக்காரியின் மேலிருந்த கோபமா, தெரியாது. கூடையை ஏற்றினாள். சக்கரத்தில் கால் வைத்து அவளும் ஏறினாள்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். கருங்கல் வளைவு தெரிந்ததும் கூரையில் டம் டம் என்று தட்டினார்கள். நிறுத்தினேன். என் மனைவி இறங்கிவிட்டாள்.

"இப்பதான் ஆடலியே. அப்புறம் இன்னாம்மே?"

"ஆடலய்யா. நல்லாத்தான் கீது. இத்த மட்டும் நடந்து வந்துடறேன்."

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. இவ்வளவு அலைந்தது யாருக்காக? வாயைத் திறப்பதற்குள் அக்காவும் இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என் மனைவியை நடுவில் விட்டு, ஏலத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கூடைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்திலேயே ஊர்ந்தேன். வண்டி கொஞ்சமும் சாயவில்லை.

வளைவைத் தாண்டி நிறுத்தி, இறங்கி, அவள் ஏறக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். நடந்து வந்தவளின் கை அப்படி நடுங்கியது. திரும்ப ஏற வேண்டுமே என்கிற நடுக்கம். என் கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஏறி, கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நண்டுக்காரி வருவதற்குள் மார்க்கெட் போய்விட்டோம். வாசலில் என் மனைவி கோணியை விரித்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் ஆள் வந்து, வஞ்சிரம் எப்படி என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெண்தான் எடுத்துக் காட்டினாள். என் மனைவி இரண்டு கையையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவற்றின் நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.