முகவரி கிடைக்காத ஒன்பது கணினிகள்

போர் முடிந்த மறு வருடம் மட்டக்களப்பில் எங்கள் கணினி வலையமைப்புப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த நாற்காலிக்கு ஆசைப்படக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான். மற்றவரை ஊரே ரேடியோக்காரர் என்று அழைத்தது.

என் தகுதிகளைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஒரு பட்டம், அதற்கு மேல் ஒரு டிப்ளோமா, கொழும்பில் மூன்று பயிற்சிகள். பிரிவின் நடைமுறைக் கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதியவன் நான். ரேடியோக்காரர் களுதாவளையில் வானொலி திருத்திக்கொண்டிருந்தவர். சுனாமிக்குப் பிறகு நிவாரண அலுவலகங்களை இணைக்க வாவியைச் சுற்றிக் கம்பங்கள் நட்டபோது, உயரத்துக்குப் பயப்படாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அப்படி வந்து சேர்ந்து, பிறகு போகவே இல்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர்.

வாவிக்கு அப்பாலுள்ள வவுணதீவுக்கு இணைப்புத் திருத்த நாங்கள் இருவரும் போனால், திரும்பும்போது ஜீப்பின் பின் இருக்கையில் தயிர்ச் சட்டி இருக்கும், புது அரிசி இருக்கும். எல்லாம் அவருக்கு. என்னிடம் கையொப்பம் வாங்குவார்கள். அவர் பிந்தினால் வழியில் என்ன ஆயிற்றோ என்று பதறுவார்கள். நான் பிந்தினால் வந்த பிறகுதான் நான் வராமல் இருந்ததே தெரியும். வீட்டில் வானொலி கரகரத்தால் என் மனைவிகூட, “அவரக் கூப்பிடுங்களன்” என்பாள். நான் அதைக் கழற்றி, நடைமுறைப்படி ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்துக்கொண்டிருக்கும்போது சொல்வாள்.

எங்கள் வலையமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மையக் கணினி மட்டக்களப்பு நகரில் இருந்தது. அங்கிருந்து தண்ணீர்த் தாங்கிகளின் உச்சியிலும் கம்பங்களின் தலையிலும் பொருத்திய அலைவாங்கித் தட்டுகள் வழியாக வடக்கே வாகரை வரைக்கும் தெற்கே களுதாவளை வரைக்கும் இணைப்புப் போயிற்று. எந்தக் கணினியும் வலைக்குள் வந்ததும் முதலில் மையத்திடம் ஒரு முகவரி கேட்கும். மையம் தன் பட்டியலில் காலியாக உள்ள ஓர் இலக்கத்தை எடுத்து, இத்தனை காலத்துக்கு இது உன்னுடையது என்று கொடுக்கும். முகவரி இல்லாத கணினிக்கு அலை முழுதாக வரும். வேறு எதுவும் வராது.

பதவிக்கான சிபாரிசைப் பணிப்பாளர் மாத முடிவில் அனுப்பவிருந்தார். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது வாகரையில் நடமாடும் சேவை நடந்தது. கடல் கொண்டுபோனதிலும் பிறகு ஷெல்லடிக்குப் பயந்து ஓடியதிலும் பத்திரங்களைத் தொலைத்த சனம் காலையிலேயே பாடசாலை மண்டபத்துக்கு வந்துவிட்டது. பிறப்புப் பத்திரம், காணிப் பத்திரம், அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் தேடிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒன்பது மடிக்கணினிகள் வந்திருந்தன. ஒன்பதுக்கும் முகவரி கிடைக்கவில்லை. பணிப்பாளர் எங்கள் இருவரையும் ஒரே ஜீப்பில் அனுப்பினார். எங்களில் யாருக்கு நாற்காலி என்பதை அந்தப் பழுது தீர்மானிக்கப்போகிறது என்று நான் வழி முழுக்க நினைத்துக்கொண்டேன். ரேடியோக்காரர் வழி முழுக்க நித்திரை.

இறங்கியதும் கைநூலின்படி தொடங்கினேன். முதலில் மின்சாரம், பிறகு வயர், பிறகு அலை, கடைசியாக முகவரி. ரேடியோக்காரரைக் கம்பத்தில் ஏற்றினேன். தட்டு இடம் மாறவில்லை என்று மேலிருந்து கத்தினார். வரிசையில் நின்ற மனிசி ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“ஏறினவர் ஏறினபடி, பெட்டிக்கு முன்னால இருக்கிறவர் இருந்தபடி. எங்கட பத்திரம் மட்டும் வந்தபாடில்ல.”

“சும்மா இரி. அவருக்கும் ஆரும் பத்திரம் குடுக்கோணும் போல, பாவம்.”

கணினிகளில் 169 என்று தொடங்கும் இலக்கம் தெரிந்தது. மையத்திடம் கேட்டுப் பதில் வராத கணினி தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் இலக்கம் அது. இதைக் கைநூலில் எழுதியவனே நான். அடுத்த வரியில் இன்னொன்றும் எழுதியிருந்தேன்: யாராவது சொந்த வயர்லெஸ் பெட்டியைக் கொண்டுவந்து செருகியிருந்தால் அது மையத்தை முந்திக்கொண்டு தன் பாட்டுக்கு முகவரி கொடுக்கும், அப்போது 169 வராது, வேறு இலக்கம் வரும்.

அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆனால் ரேடியோக்காரருக்குப் பழைய வயர்லெஸ் பெட்டிகளைத் திருத்தி அங்கங்கே செருகும் பழக்கம் இருந்ததும் எனக்குத் தெரியும். வாகரையில் அப்படியொரு பெட்டி அகப்பட்டால் எப்படியிருக்கும் என்று ஒருமுறை நினைத்தேன். அதன் பிறகு திரையில் இருந்த 169 என் கண்ணில் படவில்லை. இரண்டு மணித்தியாலம் அலுமாரிகளின் பின்னாலும், பாடசாலை அதிபரின் மேசைக்குக் கீழும், விஞ்ஞான அறையிலிருந்த எலும்புக்கூட்டின் பின்னாலும் தேடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பழுதையும் தேடியதில்லை.

“அண்ணன் என்ன தேடுறீங்க?” என்று வாசலில் நின்று கேட்டார் ரேடியோக்காரர்.

“நீர் செருகின பெட்டிய.”

“வாகரையில நான் ஒண்டும் செருகல்லயே. செருகினா உங்களுக்குச் சொல்லாம இருப்பனா? நீங்க ஏசுவீங்க எண்டு தெரிஞ்சுதான் முதல்லயே சொல்லிப்போட்டுச் செருகுறன்.”

அது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “இஞ்ச ஒண்டு பாருங்க அண்ணன். அதிபர்ர பழைய கொம்பியூட்டர் ஓடுது. வந்த புதுசு ஒண்டும் ஓடல்ல. கம்பம் பழுதெண்டா ரெண்டும்தானே படுக்கோணும்?” என்றார்.

கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நகரத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அங்கிருந்த எழுதுவினைஞரிடம் முகவரிப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். “ஓம்... மறுகா? அடுத்தது? ... அந்த வெள்ளைக்காரன் போய் ரெண்டு கிழமையாச்சே, அவன்ர லெப்டொப்புக்கு இன்னும் இருக்கா? ... மறுகா?” என்று கேட்டுக்கொண்டே போனார். பட்டியலில் ஓர் இடம்கூடக் காலியில்லை. பாதை திறந்த பிறகு நகரத்துக்கு வந்து, எங்கள் வலையில் ஒருமுறை தலையைக் காட்டிப் போன அத்தனை அதிகாரிகளின் கணினிகளும் தொலைபேசிகளும் ஆளுக்கோர் இலக்கத்தைப் பிடித்துவைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள்.

முப்பது நாள் என்று வைத்தவன் நான். போர்க்காலத்தில், மையக் கணினி மின்சாரமில்லாமல் நாட்கணக்கில் கிடந்த நேரம் அது. கையிலுள்ள முகவரி காலாவதியாகாமல் இருந்தால், மையம் செத்துக் கிடந்தாலும் அலுவலகக் கணினிகள் தங்களுக்குள் வேலை பார்க்கும். நல்ல யோசனை. அதற்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கிடைத்தது. சண்டை ஓய்ந்து சனம் வரத் தொடங்கியபோது அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது கைநூலின் இரண்டாம் பதிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு ரேடியோக்காரர் சொன்னார்: “சுனாமி முகாம் மாதிரி அண்ணன். கூடாரத்துக்கு நம்பர் எடுத்துப்போட்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போன சனம் நம்பர விடல்ல. கூடாரம் வெறுசாக் கிடந்துது. புதுசா வந்த சனம் மரத்துக்குக் கீழ கிடந்துது. அந்தச் சங்கதிதான் இது.”

இதை விளக்கக் கைநூலில் எனக்கு நாலரைப் பக்கம் தேவைப்பட்டிருந்தது. படமும் போட்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மீன்காரர் ஒருவர் தலையாட்டி, “ஓம், எங்கட கூடாரத்துக்கும் அதே கதைதான்” என்றார். என் நாலரைப் பக்கத்துக்கு இதுவரை யாரும் தலையாட்டியதில்லை.

அதிபரின் கணினி வழியாக மையத்துக்குள் போய், முப்பது நாளை எட்டு மணித்தியாலமாக்கி, வராதவர்களின் இலக்கங்களை விடுவித்தேன். அந்தக் கட்டளைகள் எனக்குத்தான் தெரியும். ரேடியோக்காரர் பின்னால் நின்று பார்த்தார். சில நிமிடத்தில் ஒன்பது கணினிகளும் முகவரி பெற்றன. வரிசை நகர்ந்தது. சனம் அவரைத்தான் தோளில் தட்டியது.

மறுநாள் பழுது அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். அதை வடிவமைத்தவனும் நானே. காரணம் என்ற இடத்தில் ஐந்து பெட்டிகள்: மின்சாரம், மின்னல், உபகரணம், வெளியார் தலையீடு, அமைப்பில் பிழை. கடைசிப் பெட்டியில் அடையாளமிட்டால் பக்கத்திலேயே பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரையும் எழுதவேண்டும். சிபாரிசு போக ஒன்பது நாள் இருந்தது. உபகரணம் என்ற பெட்டியில் அடையாளமிட்டேன். ஆனால் படிவத்துக்கு இரண்டு கையொப்பம் வேண்டும். அதுவும் என் விதி.

ரேடியோக்காரர் படிவத்தை மெதுவாக வாசித்தார். உபகரணத்தில் விரலை வைத்தார். நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன்.

“என்ன உபகரணம் அண்ணன்?”

“மையக் கணினி பழசுதானே.”

“அது பழசுதான்” என்று சொல்லி ஒப்பமிட்டார். பேனையை மூடும்போது, “இதுக்கேன் இவ்வளவு கஷ்டம்? பணிப்பாளர் போன மாசமே என்னக் கூப்பிட்டுக் கேட்டவர், தலைவர்ர கதிர வேணுமா எண்டு. நான் வேணாமெண்டுட்டன். எனக்குக் கம்பம் போதும். அண்ணன் இருக்கிறாரே, அவருக்குக் குடுங்க எண்டு சொன்னன்” என்றார்.

நான் நன்றி சொல்லவில்லை. அவர் போன பிறகு படிவத்தை மறுபடி பார்த்தேன். இனி உண்மையை எழுதினாலும் எனக்கு நட்டமில்லை. புதுப் படிவங்கள் கைக்கெட்டிய இழுப்பறையிலேயே இருந்தன. புதிதாக எழுதினால், பழுதைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதில் அவர் பெயரைப் போடவேண்டும்.

அவரிடம்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள்.

படிவத்தை மடித்து உறையிலிட்டு, அன்று பின்னேரத் தபாலிலேயே அனுப்பினேன். மாத முடிவில் நாற்காலி எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதில் இருந்தேன்.