காலனி குரூப்பில் போட்டது

என் மகள் சேலையூரில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. ஏரியை ஒட்டிக் கட்டடம் கட்டுவது தப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் ஸ்டேட்டஸில் எழுதியிருந்தாள். பெருமை தாங்காமல் அதை அப்படியே படமெடுத்து, "என் பொண்ணு எழுதினது" என்று காலனி குரூப்பில் போட்டேன்.

மறுநாள் மாலை பள்ளியில் கொடுத்த மெமோவுடன் வந்தாள். பள்ளியின் புதுக் கட்டடமே ஏரியை ஒட்டித்தான் எழும்புகிறதாம். விளக்கம் சரியில்லையென்றால் வேலை போய்விடுமாம்.

"மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா."

"லீவு நாள்ல, என் போன்ல எழுதினதுக்காப்பா? ஸ்கூல் நடத்துற கரஸ்பாண்டன்ட் பார்க்க முடியாத மாதிரிதான் வெச்சிருந்தேன். அவர் நம்ம காலனி குரூப்ல இருக்கார்."

உடனே குரூப்பில் போட்டதை அழிக்கப் போனேன். பதற்றத்தில் 'டெலீட் ஃபார் மீ'யை அழுத்திவிட்டேன். என் போனில் மட்டும் அது மறைந்தது. மற்ற எல்லோரிடமும் இருக்கிறது.

எதிரே அவள் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.